இங்கிலீஷ்ல 'ங்க' போடுறது எப்படி: குறுக்க பேச, சாரி சொல்ல, திருப்பி கேக்க

ஏழெட்டு வருஷம் இருக்கும், பினாங்குத் தீவுல பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில பிளானிங்ல இருந்தேன், ராத்திரி கான்ஃபரன்ஸ் கால். இங்க மணி 9னா டெக்சாஸ்ல அப்பதான் காலைல 8, ஜெர்மனில மத்தியானம் 3, அவங்க எல்லாம் காப்பியும் கையுமா தெம்பா உக்காந்திருப்பாங்க, நான் அக்கரைல பட்டர்வொர்த்ல இருந்து பினாங்குப் பாலத்து ஜாம்ல ஆரம்பிச்ச நாளோட கடைசில கண்ணு சொருகிட்டு இருப்பேன். டெக்சாஸ் ஆளு கடகடனு பேசிட்டே போறாரு, நடுவுல சேம்பிள் எத்தனை டிரே வேணும்னு ஒரு நம்பர் சொன்னாரு. எனக்கு ஃபிஃப்டினு கேட்டுச்சு. ஃபிஃப்டீனா இருக்குமோனு ஒரு சந்தேகமும் வந்துச்சு, ஆனா நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாரு, நிறுத்தி கேக்க வார்த்தை வரல, சரி லா ஃபிஃப்டிதான்னு எழுதிக்கிட்டேன். 15 டிரே கேட்டவருக்கு 50 டிரே போச்சு, அதுவும் ஏர்ஃப்ரெய்ட்ல. மறுநாள் நான் வாங்கினதை இங்க எழுத வேண்டாம்.

இதுல கொடுமை என்னன்னா எனக்கு இங்கிலீஷ் தெரியாதுனு இல்ல. தமிழ்ப்பள்ளி ஆறு வருஷம், அப்புறம் மலாய் இடைநிலைப்பள்ளிக்கு மாறுறதுக்கு பெராலிஹான்னு ஒரு வகுப்பு ஒரு வருஷம், அப்புறம் அஞ்சாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சை வரைக்கும் படிச்சவதான், கட்டுரை எழுதச் சொன்னா ரெண்டு பக்கம் எழுதுவேன். ஆனா பேசிட்டு இருக்கிற ஒரு மனுஷனை கோவம் வராம நிறுத்தி 'என்ன சொன்னீங்க'னு கேக்குறதுக்கு ஒரு வரி எந்த வகுப்புலயும் யாரும் சொல்லித் தரல. இப்ப எங்க டீம்ல புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் முதல்ல சொல்லித் தர்றதே இதுதான், அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சிக்கணும், மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது. தமிழ்ல மரியாதை எங்க இருக்கு? வினைச்சொல்லோட வால்ல இருக்கு. 'திருப்பி சொல்லு'னா தம்பிகிட்ட பேசுறோம், 'திருப்பி சொல்லுங்க'னா வாத்தியார்கிட்ட பேசுறோம், 'கொஞ்சம் திருப்பி சொல்றீங்களா'னா இன்னும் ஒரு படி மேல. ஒரு 'ங்க' போட்டா வேலை முடிஞ்சிச்சு. இங்கிலீஷ்ல அந்த வால் கிடையாது, பிரைம் மினிஸ்டருக்கும் 'யு'தான் வீட்டுப் பூனைக்கும் 'யு'தான். அதனால நாம மனசுக்குள்ள 'திருப்பி சொல்லுங்க'னு மரியாதையாத்தான் நினைக்கிறோம், வாயில 'ரிப்பீட்'னு வரும்போது அந்த 'ங்க' வழியிலேயே விழுந்துடுது, கேக்குற வெள்ளைக்காரனுக்கு 'திருப்பி சொல்லு'னு அதட்டுற மாதிரி போய்ச் சேருது. அவன் முகம் மாறுது, நமக்கு ஏன்னு தெரியல.

உடனே சிலர் சொல்வாங்க, அதான் 'ப்ளீஸ்' இருக்கேனு. இல்லங்க, 'ப்ளீஸ்' நம்ம 'ங்க' கிடையாது. 'ரிப்பீட் ப்ளீஸ்', 'வெயிட் ப்ளீஸ்' எல்லாம் ப்ளீஸ் ஒட்டின கட்டளைதான், கவுன்டர்ல உக்காந்திருக்கிற ஆபீசர் 'நெக்ஸ்ட் ப்ளீஸ்'னு கூப்பிடுற மாதிரி. இங்கிலீஷ்காரங்க 'ங்க'வை மூணு இடத்துல பிரிச்சு வச்சிருக்காங்க: ஒண்ணு, கட்டளையை கேள்வியா மாத்துறது, ரெண்டு, 'கேன்', 'வில்' போட வேண்டிய இடத்துல 'குட்', 'வுட்'னு இறந்தகாலத்துக்குத் தள்ளி கொஞ்சம் எட்டி நின்னு கேக்குறது, மூணு, 'சாரி', 'ஜஸ்ட்', 'எ பிட்' மாதிரி நம்ம 'கொஞ்சம்' செய்யுற வேலையை செய்யுற குட்டிச் சொற்கள். 'கொஞ்சம் திருப்பி சொல்றீங்களா'ல பாருங்க, கேள்வியும் இருக்கு கொஞ்சமும் இருக்கு, அதாவது பாதி வேலை நமக்கு ஏற்கனவே தெரியும். அதை அப்படியே 'சாரி, குட் யு சே தட் எகேன்?'னு கொண்டு போங்க, மரியாதை சேதாரம் இல்லாம போய்ச் சேரும்.

அதுக்காக நம்ம ஊரு 'கேன் ரிப்பீட் ஆ?' தப்புனு நான் சொல்ல வரல. பினாங்குல சீனர், மலாய்க்காரர், நாம எல்லாரும் ஒரே லைன்ல நின்னு வேலை செய்யுறப்ப 'கேன் ரிப்பீட் ஆ'ங்கிறது மரியாதையான கேள்விதான், மலாய்ல 'போலே உலாங்?' எப்படியோ அப்படி, அந்த 'ஆ'தான் நம்ம 'ங்களா'. சூப்பர்வைசர் சீன அங்கிள்கிட்ட போய் 'ஐ பெக் யுவர் பார்டன்'னு சொன்னீங்கனா என்னம்மா உடம்பு சரியில்லையானு கேப்பாரு. ஊர்க்காரங்களுக்கு ஊர்ப் பேச்சு, வெளிநாட்டு கஸ்டமருக்கும் இன்டர்வியூவுக்கும் வேற பேச்சு. அம்மாகிட்ட பேசுறதும் கோயில் தலைவர்கிட்ட பேசுறதும் ஒண்ணா? அவ்வளவுதான். ஒண்ணை விட்டு இன்னொண்ணைப் பிடிக்கணும்னு இல்ல, ரெண்டு சட்டையும் அலமாரில இருக்கட்டும்.

காதுல விழலனா

இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, அதனால இங்க கொஞ்சம் உக்காந்து பேசுவோம்.

திருப்பிக் கேக்குறதுக்கு வெக்கப்படாதீங்க. நெதர்லாந்துல மேக்ஸ் பிளாங்க்னு ஒரு மொழி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க உள்ளவங்க உலகம் பூரா 12 மொழில சாதாரண பேச்சை ரெக்கார்ட் பண்ணிப் பார்த்து 2015ல ஒரு கட்டுரை போட்டாங்க, சராசரியா 1.4 நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தர் 'என்ன?'னு கேட்டுட்டுதான் இருக்காங்களாம். தாய்மொழில பேசுறவங்களே ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்குறப்ப நாம ஒரு மணி நேரக் கால்ல மூணு தடவை கேட்டா என்ன குடி முழுகிடும்? அதுக்கு முன்னாலயே 2013ல அதே நிலையத்துக்காரங்க 'ஹா?'ங்கிற சத்தம் எந்த மொழிக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்குனு எழுதி, அதுக்கு 2015ல இக் நோபல்னு சிரிக்க வைக்கிற பரிசும் வாங்குனாங்க. நம்ம 'ஆங்?' கூட அந்தக் குடும்பம்தான்.

ஆனா அந்த ஆராய்ச்சில எனக்கு ரொம்பப் பயன்பட்டது வேற. கேக்குறதுல மூணு வகை இருக்காம். ஒண்ணு, மொத்தமா 'ஹா?', அதாவது எனக்கு எதுவுமே கேக்கல, முதல்ல இருந்து வா. ரெண்டாவது, 'யாரு?', 'எத்தனை?', 'எந்த நாள்?'னு விட்டுப்போன துண்டை மட்டும் கேக்குறது. மூணாவது, நாம கேட்டதை நாமளே சொல்லி 'வியாழக்கிழமைதானே சொன்னீங்க?'னு சரிபார்க்குறது. மூணாவதுக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு 'யெஸ்' போதும், ஹா-வுக்கு முழு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லணும். எவ்வளவு குறிப்பா கேக்குறோமோ அவ்வளவு குறைவா அடுத்தவருக்குத் தொந்தரவு, மரியாதையோட அர்த்தமே அதுதானே. அதோட இவ கவனிச்சிட்டுதான் இருந்திருக்கா, ஒரு துண்டுதான் விட்டுப்போச்சுனும் தெரியும். நாம பொதுவா என்ன பண்றோம், எல்லாத்துக்கும் 'சாரி சாரி, எகேன்?'னு ஹா-வையே இங்கிலீஷ்ல போடுறோம்.

அதனால இப்படிப் பழகுங்க. ஒண்ணுமே விழலனா 'சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்', அதோட நிறுத்துனாலே போதும், அவரே திருப்பிச் சொல்வாரு. கடைசி மட்டும் விட்டுப்போச்சுனா 'சாரி, ஐ மிஸ்ட் தி லாஸ்ட் பார்ட்'. நாள் மட்டும் தெரியலனா 'சாரி, விச் டே வாஸ் தட்?', இந்த 'வாஸ்' இருக்கே, நாள் இன்னும் வரவே இல்லனாலும் 'வாஸ்'தான், நீங்க சொன்னப்ப நான் விட்டுட்டேன்னு அர்த்தம், அதுவும் அந்த எட்டி நிக்கிற வித்தைதான். பாதி கேட்டுச்சுனா 'சோ தட்ஸ் தர்ஸ்டே, ரைட்?'

'கேட்ச்' வேற 'ஃபாலோ' வேற, இதைக் கலந்துடாதீங்க. 'ஐ டிடின்ட் கேட்ச் தட்'னா காதுல விழல, அவர் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்வாரு. 'சாரி, ஐ டிடின்ட் குவைட் ஃபாலோ'னா காதுல விழுந்துச்சு, மண்டைல ஏறல, வேற விதமா விளக்குவாரு. எங்க டீம்ல ஒரு தம்பி ஒரு ஸ்பெக் புரியாம 'ஐ டிடின்ட் கேட்ச்'னு மூணு தடவை சொல்லி, அந்த ஜெர்மன்காரர் மூணு தடவையும் அதே வாக்கியத்தை இன்னும் இன்னும் சத்தமா சொல்லி, கடைசில அவரு கத்துற அளவுக்குப் போயிடுச்சு. வெளில வந்து 'அக்கா அவரு ஏன்க்கா கோவப்படுறாரு'னு கேட்டான். கோவம் இல்லடா, நீ காது கேக்கலனு சொல்லியிருக்க, அவரு வால்யூம் கூட்டியிருக்காரு. அதுக்காக மொட்டையா 'ஐ டோன்ட் அன்டர்ஸ்டேண்ட்'னு நிறுத்திடாதீங்க, நீ சொல்ற விதம் சரியில்லனு குத்துற மாதிரி சிலருக்குப் படும். 'ஐம் நாட் ஷுவர் ஐ ஃபாலோ'னா குத்தம் நம்ம பக்கம் வந்துடும், யாருக்கும் நஷ்டம் இல்ல.

நம்பர்தான் எமன். 13ல இருந்து 19 வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி 30ல இருந்து 90 வரைக்கும் இருக்கு, இழுத்து அழுத்துனா டீன், முன்னால அழுத்தி சட்டுனு முடிச்சா டி, லைன் கொஞ்சம் கொரகொரன்னா ரெண்டும் ஒண்ணுதான். 'ஃபிஃப்டீன் ஆர் ஃபிஃப்டி?'னு கேட்டா அவரு 'ஃபிஃப்டீன்'பாரு, நமக்கு மறுபடியும் அதே சந்தேகம். அதனால இலக்கமா உடைச்சுக் கேளுங்க: 'சாரி, இஸ் தட் ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் சீரோ?' இந்த ஒரு வரி எனக்கு அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா 35 டிரே மிச்சம்.

பேரும் அப்படித்தான். பி டி வி எல்லாம் போன்ல ஒரே இரைச்சல். விமானக்காரங்க வச்சிருக்கிற ஆல்ஃபா, பிராவோ, சார்லி பட்டியல் 1956ல இருந்து இப்படியே இருக்கு, அதை மனப்பாடம் பண்ணிட்டா ரொம்ப உதவி. பி ஃபார் பிராவோ, பி ஃபார் பாப்பா. பாத்தீங்களா, தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒரே 'பி', நம்ம எழுத்துலயே அந்த வித்தியாசம் இல்ல, அப்புறம் நம்ம காது மட்டும் எப்படி உடனே பிரிக்கும். ஐசில, அதாவது அடையாள அட்டைல, அப்பா பேருக்கு முன்னால ஏ கோடு போட்டு பி இருக்கிறதைப் பார்த்துட்டு வெளிநாட்டுக்காரங்க அதையும் பேருனு நினைச்சிப்பாங்க, நீங்களே முந்திக்கிட்டு 'இட் ஜஸ்ட் மீன்ஸ் டாட்டர் ஆஃப்'னு சொல்லிடுங்க, ஆம்பளைங்க 'சன் ஆஃப்'.

லைன் சரியில்லனா அதை லைன் மேலயே போடுங்க, ஆள் மேல போடாதீங்க. 'யு ஆர் நாட் கிளியர்'னா நீ பேசுறது தெளிவா இல்லனு போயிடும். 'சாரி, தி லைன் இஸ் நாட் வெரி கிளியர்', 'ஐ திங்க் யு ஆர் பிரேக்கிங் அப்'. வேகமா பேசுறாருனா 'குட் யு ஸ்லோ டவுன் எ பிட், ப்ளீஸ்?', இங்க ப்ளீஸ் போடலாம், கேள்வியோட வால்ல வர்ற ப்ளீஸ் நல்ல ப்ளீஸ். சத்தம் கம்மினா 'குட் யு ஸ்பீக் அப் எ லிட்டில்?'

'பார்டன்' பத்தி ஒரு வார்த்தை. பள்ளில அதுதான் ரொம்ப டீசண்ட்னு சொல்லிக் கொடுத்தாங்க. 1954ல ஆலன் ராஸ்னு பர்மிங்காம் பல்கலைக்கழகத்து மொழியியல் பேராசிரியர் ஒருத்தர் இங்கிலாந்துல மேல்தட்டு ஆளுங்க எப்படிப் பேசுறாங்கனு எழுதுனப்ப, 'பார்டன்'ங்கிறது மேல்தட்டு இல்ல, அவங்க 'வாட்?'னுதான் கேப்பாங்கனு குறிச்சு வச்சாரு. ஆக நாம ராஜா வீட்டு இங்கிலீஷ்னு நினைச்சிட்டு இருந்தது ராஜா வீட்டுல செல்லாத காசு! அதுக்காக நாம போய் 'வாட்?'னு கேக்க முடியாது, நம்ம வாயில அது அதட்டல்தான். 'பார்டன்?' யாரையும் புண்படுத்தாது, தாராளமா சொல்லலாம், கொஞ்சம் பழைய வாடை அடிக்கும் அவ்வளவுதான். பிரிட்டிஷ்காரங்க இப்ப பெரும்பாலும் 'சாரி?'னு குரலை ஏத்திக் கேப்பாங்க, அமெரிக்கர்கள் 'எக்ஸ்கியூஸ் மி?'னும் கேப்பாங்க. முழு 'ஐ பெக் யுவர் பார்டன்' மட்டும் கவனம், குரல் ஏறுனா திருப்பி சொல்லுங்கனு அர்த்தம், அழுத்தி இறக்குனா 'என்ன சொன்ன நீ?'னு சண்டைக்கு நிக்கிற மாதிரி ஆயிடும். 'கம் எகேன்?' கூட்டாளிங்களோட மட்டும்.

'ரிப்பீட்'ங்கிற வார்த்தைக்கே ராசி இல்லைனு நான் நினைக்கிறதுண்டு. விமான ரேடியோல திருப்பிக் கேக்கணும்னா 'சே எகேன்'தான் சொல்லணும், பட்டாளத்துல பீரங்கிக்காரன்கிட்ட 'ரிப்பீட்'னா போன தடவை சுட்ட இடத்துலயே இன்னொரு தடவை சுடுனு அர்த்தம். நீங்க சும்மா கேட்டீங்க, அவன் குண்டு போட்டுட்டான்.

குறுக்க போகணும்னா

இது நமக்கு ரொம்பக் கஷ்டம், காரணம் இங்கிலீஷ் இல்ல, வளர்ப்பு. பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாதனு அடிச்சு வளர்த்த வாய் இது. மீட்டிங்ல மேனேஜர் பேசுறாரு, தப்பான தேதி சொல்றாரு, நமக்குத் தெரியும், வாயை மூடிட்டு உக்காந்திருக்கோம், அப்புறம் வெளில மாமாக் கடைல தே தாரிக் குடிக்கிறப்ப எல்லாத்தையும் சொல்றோம். யாருக்கு லாபம்? யுனிவர்சிட்டி போறதுக்கு எழுதுற நம்ம ஊரு மியூட் இங்கிலீஷ் பரீட்சைலயே குரூப் டிஸ்கஷன்ல எப்படி முறை எடுத்துப் பேசுறது, எப்படி குறுக்கிடுறதுங்கிறதை ஒரு திறமையா பாடத்திட்டத்துல எழுதி வச்சிருக்காங்க, ஆக மரியாதையா குறுக்க போறது தப்பே இல்ல, மார்க் கிடைக்கிற விஷயம்.

எப்ப போறதுங்கிறதுதான் பாதி வேலை. ஒருத்தர் பேசி முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்கிற இடைவெளியை அதே மேக்ஸ் பிளாங்க்காரங்க பத்து மொழில அளந்து பார்த்து 2009ல சொன்னாங்க, சராசரியா 200 மில்லி செகண்ட், கண்ணு சிமிட்டுற நேரம். அந்த நேரத்துல தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல கோத்து இலக்கணம் பார்த்து வாயைத் திறந்தா அவன் ரெண்டு ஸ்லைடு தாண்டியிருப்பான். அதனால வாக்கியத்தை யோசிச்சிட்டு உள்ள போகாதீங்க, முதல்ல உள்ள போங்க அப்புறம் யோசிங்க. அதுக்குத்தான் ஒரு ரெடிமேட் சாவி, 'சாரி,' அவ்வளவுதான், அவரு மூச்சு வாங்குற இடத்துல 'சாரி'னு ஒரு சத்தம், கொஞ்சம் முன்னால சாஞ்சு, ஒரு கை லேசா தூக்கி. அவரு திரும்பிப் பார்ப்பாரு. இப்ப 'சாரி டு இன்டரப்ட்,'னு இழுங்க, அந்த ரெண்டு செகண்ட்ல உங்க கேள்வி வாய்க்கு வந்துடும். இந்த வாசகங்கள்லாம் மரியாதைக்கு மட்டும் இல்ல, நமக்கு யோசிக்க நேரம் வாங்கித் தர்ற வேலையும் செய்யுது, எனக்குக் கேட்டா அதுதான் அதோட பெரிய பயனே.

அப்புறம் எதுக்குக் குறுக்க வந்தேன்னு உடனே சொல்லிடுங்க. 'சாரி டு இன்டரப்ட், ஜஸ்ட் எ குயிக் குவெஸ்ச்சன் ஆன் தி டேட்.' கேள்வியா, சின்னதா, எதைப் பத்தினு மூணும் ஒரே வரில. 'குயிக்'னு சொல்லிட்டு பத்து நிமிஷம் பேசக்கூடாது, அடுத்த தடவை விடமாட்டாங்க. எதாவது சேர்த்துச் சொல்லணும்னா 'குட் ஐ ஜஸ்ட் ஆட் சம்திங்?' தலைப்பு மாறப் போகுதுனா 'பிஃபோர் வி மூவ் ஆன்,', இது ரொம்ப நல்ல சாவி, ஏன்னா இதுல யாரையும் நிறுத்தல, கதவு சாத்துறதுக்கு முன்னால கால் வைக்கிறோம் அவ்வளவுதான். தப்பைத் திருத்தணும்னா 'நோ நோ, இட்ஸ் ராங்' வேண்டாம், 'சாரி, ஐ திங்க் இட் மைட் பி தி டுவெல்ஃப்த்', உங்களுக்கு 200 சதவீதம் தெரிஞ்சாலும் 'ஐ திங்க்'. 'ஆக்சுவலி'ல ஆரம்பிக்காதீங்க, அது உனக்குத் தெரியாது நான் சொல்றேன்ங்கிற தொனி.

நம்ம ஆளுங்க பண்ற ஒண்ணு, 'ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்'ங்கிறதை அப்படியே 'ஒன் மினிட் ஒன் மினிட்!'னு கையைக் காட்டி சொல்றது. தமிழ்ல அது கெஞ்சல் மாதிரி, ரெண்டு தடவை சொன்னா இன்னும் பணிவு. இங்கிலீஷ்ல ரெண்டு தடவை சொன்னா டிராஃபிக் போலீஸ். 'வெயிட் ஆ'வும் அப்படியே.

ஆன்லைன் கால்ல சத்தம் கொஞ்சம் லேட்டா போய்ச் சேர்றதால நீங்க மூச்சு இடைவெளி பார்த்து நுழைஞ்சாலும் அங்க அவரு அடுத்த வாக்கியத்துல இருப்பாரு, ரெண்டு பேரும் மோதிக்குவீங்க. மோதுனா ரெண்டு பேரும் நிறுத்தி, ரெண்டு பேரும் மறுபடி ஆரம்பிச்சு, மறுபடி மோதி, கோயில் வாசல்ல நீங்க போங்க நீங்க போங்கனு நிக்கிற சம்பந்தி மாதிரி ஆயிடும். முதல் மோதல்லயே 'சாரி, கோ அஹெட்'னு விட்டுக் கொடுத்துடுங்க, அவரு முடிச்சதும் பெரும்பாலும் 'யு வேர் சேயிங்?'னு உங்ககிட்டயே திருப்பித் தருவாரு. கை தூக்குற பட்டன் இருந்தா அதை அமுக்குங்க, அதுக்கு இங்கிலீஷே வேண்டாம்.

உங்களை யாராவது வெட்டுனா? விட்டுக் கொடுத்துட்டே இருக்கணும்னு இல்ல. 'சாரி, குட் ஐ ஜஸ்ட் ஃபினிஷ் திஸ் பாயின்ட்?', சிரிச்சிட்டே, குரலை ஏத்தாம. நான் முதல் தடவை இதை ஒரு பெரிய மேனேஜர்கிட்ட சொன்னப்ப கை நடுங்குச்சு, அவரு 'ஆஃப் கோர்ஸ்'னு சொல்லிட்டு காப்பியைக் குடிச்சாரு.

சாரி

சாரிங்கிற வார்த்தையை நாம எல்லாத்துக்கும் போடுறோம், பெரும்பாலும் பரவாயில்ல. ஒரு வித்தியாசம் மட்டும் பாருங்க, ஆளைத் தாண்டிப் போறப்ப, தொந்தரவு பண்றதுக்கு முன்னால 'எக்ஸ்கியூஸ் மி', பண்ணினப்புறம் 'சாரி'. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயில்ல அந்தக் கூட்டத்துல வழி கேட்டுப் போறது எக்ஸ்கியூஸ் மி, யார் காலையோ மிதிச்சிட்டா சாரி. மலாய்க்காரங்க 'தும்பாங் லாலு'னு உடம்பைக் குனிஞ்சு வலது கையை முன்னால தாழ்த்திட்டு போவாங்களே, அந்தக் கை சொல்றதைத்தான் 'எக்ஸ்கியூஸ் மி' சொல்லுது, போன்ல அந்தக் கையை யாரும் பார்க்க முடியாது, அதனால வாயால சொல்லியாகணும்.

இலக்கணம் கொஞ்சம். 'சாரி ஃபார் லேட்' வராது, 'சாரி ஐம் லேட்'. இப்ப பண்ணப் போற தொந்தரவுக்கு 'சாரி டு': 'சாரி டு பாதர் யு'. ஏற்கனவே பண்ணினதுக்கு 'சாரி ஃபார்', அதோட வினைக்கு 'இங்' ஒட்டணும்: 'சாரி ஃபார் கீப்பிங் யு வெயிட்டிங்'. நடந்த சம்பவத்துக்கு 'சாரி அபௌட்': 'சாரி அபௌட் தி மிக்ஸ்-அப்'. எழுத்துல, கஸ்டமருக்கு, பெரிய தப்புனா 'ஐ அபாலஜைஸ் ஃபார்'. 'மை பேட்' ஃபுட்சால் விளையாடுறப்ப.

சாவு வீட்டு விஷயத்துக்கும் 'சாரி'தான், 'ஐம் சோ சாரி டு ஹியர் தட்', அங்க தப்பு யாரும் பண்ணல, வருத்தம்னு அர்த்தம். ஒருத்தர் அம்மா இறந்துட்டாங்கனு சொன்னப்ப, நாம ஏன் சாரி கேக்கணும், நாம என்ன பண்ணினோம்னு ஒரு பிள்ளை வாயை மூடிட்டு இருந்தது, பாவம், மொழிபெயர்ப்பு பண்ற வினை அது.

பெரிய தப்புக்கு வெறும் சாரி பத்தாது, பத்து சாரியும் பத்தாது. 50 டிரே விஷயத்துல நான் 'சாரி சாரி வெரி வெரி சாரி லா'னு சொல்லிட்டே இருந்தேன், அந்த 'லா' நமக்கு நெருக்கம், அவங்களுக்கு 'விடு, அதனால என்ன'ங்கிற மாதிரி கேட்டிருக்கு. அப்ப சொல்லியிருக்க வேண்டியது ரெண்டே வரி: 'ஐ அபாலஜைஸ் ஃபார் தி ராங் குவான்டிட்டி. ஐ ஷுட் ஹேவ் செக்ட்.' அதுக்கப்புறம் நேரா என்ன பண்ணப் போறோம்னு, 'ஐ'ல் அரேஞ்ச் தி ரிட்டர்ன் டுடே'. எது தப்பு, யார் தப்பு, இப்ப என்ன. 'சாரி, பட்'னு ஆரம்பிச்சா மட்டும் எல்லாம் போச்சு, அந்த 'பட்' வந்ததும் முன்னால சொன்ன சாரியை யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க.

வாய்க்கு வரணும்னா

படிச்சா வராதுங்க, சொல்லிச் சொல்லித்தான் வரும். எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம், மூணே மூணு எடுத்துக்கோங்க: 'சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்', 'சாரி டு இன்டரப்ட்', 'ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் சீரோ'. காடி ஓட்டுறப்ப வாய்விட்டு சொல்லுங்க, பாலத்து ஜாம் எதுக்கு இருக்கு, 13.5 கிலோமீட்டர் இருக்கே, பக்கத்து காடிக்காரன் நீங்க பாட்டு பாடுறீங்கனு நினைச்சிப்பான். குரலைக் கவனிங்க, 'சாரி?' மேல ஏறணும், இறங்குனா மன்னிப்புனு எடுத்துக்கிட்டு 'நோ ப்ராப்ளம்'னு சொல்லிட்டு அவரு பாட்டுக்குப் போயிடுவாரு, அது எனக்கே நடந்திருக்கு. அப்புறம் வீட்டுல பிள்ளைங்களோட யூட்யூப்ல ஏதாவது இன்டர்வியூ ஓடுறப்ப ஆளு மூச்சு வாங்குற இடத்துல எல்லாம் 'சாரி'னு சொல்லிப் பாருங்க, சிரிப்பா இருக்கும், ஆனா அந்த இடம் எங்க வரும்னு காதுக்குப் பழகிடும்.

ரெண்டு தடவை கேட்டும் விழலனா மூணாவது தடவை அதே கேள்வியைக் கேக்காதீங்க, வழியை மாத்துங்க. 'சாரி, குட் யு டைப் தட் இன் தி சாட்?', இதுக்கு யாரும் முகம் சுளிச்சு நான் பார்த்ததில்ல, அவங்களுக்கும் திருப்பித் திருப்பி சொல்றதை விட இது சுலபம். சாட் இல்லாத போன் கால்னா முடியுறதுக்கு முன்னால 'லெட் மி ஜஸ்ட் ரீட் தட் பேக் டு யு'னு சொல்லி நீங்க எழுதினதை நீங்களே வாசிங்க. கால் முடிஞ்ச பத்து நிமிஷத்துக்குள்ள ரெண்டு வரி இமெயில், 'ஜஸ்ட் டு கன்ஃபர்ம்'னு ஆரம்பிச்சு, நம்பரை இலக்கத்துலயும் எழுத்துலயும் ரெண்டு விதமாவும் போட்டு அனுப்பிடுங்க, 15, ஃபிஃப்டீன்.